ஆத்தங்குடித் தரையை உடைக்காமல் தண்ணீர் மிச்சம் பிடிக்க வழி உண்டா?

கோட்டையூர் வளவு:
வணக்கம். எங்கள் வீடு செட்டிநாட்டுக் கோட்டையூரில் தாத்தா காலத்துக்கும் முன்னால் கட்டியது. முகப்பு, வளவு (முற்றமும் அதைச் சுற்றியுள்ள பகுதியும்), இரண்டாம் கட்டு, அடுப்படி, பின்னால் கிணறு. நான்கு புள்ளிக்கு, அதாவது நான்கு குடும்பத்துக்கு, பங்கு. இரண்டு புள்ளி இங்கேயே குடியிருக்கிறோம். மற்ற இரண்டு பங்கிலும் வாடகைக்கு ஆள் இருக்கிறது. எல்லாரும் சேர்த்து 14 பேர்.

கிணறு சித்திரைக்கே வற்றிவிடுகிறது. போர் (ஆழ்துளைக் கிணறு) ஒன்றுதான். இந்த வருஷம் வைகாசியில் அதுவும் காற்றைத் தள்ள ஆரம்பித்ததால் லாரித் தண்ணீர் வாங்கினோம். இன்னொரு போர் போடலாம் என்கிறார் பெரியப்பா மகன். எனக்கு அதில் விருப்பமில்லை. முதலில் செலவாகும் தண்ணீரைக் குறைக்கப் பார்ப்போம் என்றேன்.

கூப்பிட்டு வந்த பிளம்பர் பார்த்துவிட்டு, "தரையைத் தோண்டிப் பைப்பெல்லாம் மாத்தணும்" என்றார். வளவிலும் பத்தியிலும் ஆத்தங்குடிக் கல் பதித்திருக்கிறது. அந்தப் பூவும் அந்த நிறமும் இப்போது செய்து வாங்கினாலும் பழையதோடு சேராது. உடைக்க ஆத்தா சம்மதிக்க மாட்டார், நானும்தான். தரையில் கை வைக்காமல் என்ன செய்யலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அடையாறுவாசி:
சென்னையில் 2019 கோடையை நேரில் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். நான்கு ஏரியும் வறண்ட அந்த ஜூன் மாதத்தில் எங்கள் குடியிருப்பில் எல்லா வீட்டுக்கும் குழாய் முனையில் ஏரேட்டர் (காற்றைக் கலந்து தண்ணீரைக் குறைத்து விடும் சல்லடை) மாட்டினோம். பழைய ஃப்ளஷ் தொட்டிகளை எடுத்துவிட்டு 3 லிட்டர், 6 லிட்டர் என்று இரண்டு பொத்தான் உள்ளதைப் போட்டோம். ஷவரும் மாற்றினோம். லாரி பாதியாகக் குறைந்தது. நீங்களும் அதையே செய்யுங்கள், தரையைத் தொடவே வேண்டாம்.

திருகுக்குறடு:
தேவகோட்டையில் பிளம்பிங் வேலை பார்க்கிறேன். அடையாறு சார் சொன்னது அவர் கட்டடத்துக்குச் சரி. அங்கே பிரஷர் பம்ப் வைத்துத் தண்ணீரைத் தள்ளுகிறார்கள். நம் பக்கத்து வளவு வீட்டில் பின்கட்டு மொட்டைமாடியில் தொட்டி, அதற்குப் பத்தடி கீழே குழாய். 10 மீட்டர் உயரம் இருந்தால்தான் 1 பார் அழுத்தம் கிடைக்கும். இவர்களுக்கு 0.3 பார் கிடைத்தால் பெரிய விஷயம். அந்த அழுத்தத்தில் ஏரேட்டர் மாட்டினால் நூல் மாதிரி வரும். நம் ஊர் உப்புத் தண்ணீருக்கு மூன்றே மாதத்தில் சல்லடை அடைத்துக்கொள்ளும். வாடகைக்காரர் கழற்றி ஜன்னலில் வைத்துவிட்டுப் போவார். எத்தனை வீட்டு ஜன்னலில் பார்த்திருக்கிறேன்!

வாங்குவதற்கு முன் அளங்கள் அண்ணே. எங்கே போகிறது என்று தெரியாமல் எதை அடைப்பது?

மோட்டார் நிமிடத்துக்கு எவ்வளவு ஏற்றுகிறது என்று முதலில் பாருங்கள். தொட்டிக்குள் விழும் இடத்தில் 15 லிட்டர் வாளியைப் பிடித்து, நிரம்ப எத்தனை விநாடி என்று போனில் பார்த்தால் போதும். ஒரு நாளைக்கு மோட்டார் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பதையும் எழுதி வையுங்கள். இரண்டையும் பெருக்கினால் வீட்டின் மொத்தச் செலவு.

அப்புறம் ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு, தொட்டிக்குள் ஒரு குச்சியை விட்டு நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். விடியற்காலை முதல் ஆள் எழுந்திரிப்பதற்குள் மறுபடி பாருங்கள். யாரும் தொடாத தண்ணீர் இறங்கியிருந்தால் அது ஒழுக்கு. சாதாரண 1000 லிட்டர் உருளைத் தொட்டியில் 1 செ.மீ. இறங்கினால் ஏறக்குறைய 9 லிட்டர்.

பள்ளத்தூர் ஆச்சி:
தம்பி சொல்வது நியாயம். ஆனால் ஒன்று கேட்கிறேன், இத்தனை அளவும் எதற்கு? எங்கள் காலத்தில் கிணற்றில் இறைத்துத்தான் எல்லாம். கை வலிக்கும், அதனால் தண்ணீரின் அருமை தானாகத் தெரியும். அடுப்படி அங்கணத்தில் பாத்திரத்தை ஊறப்போட்டு, ஒரே தேய்ப்பாகத் தேய்த்து, இரண்டு அண்டாத் தண்ணீரில் வரிசையாக அலசி எடுத்துவிடுவோம். முதல் அண்டா அழுக்கானதும் வாழைக்குப் போகும், இரண்டாவது அண்டா முதலாவதாகும். இப்போது என் மருமகள் ஒரு கரண்டி கழுவக் குழாயைத் திறந்துவிட்டு, போனில் பேசி முடித்த பிறகு மூடுகிறாள். அவளை எந்தக் குச்சியை விட்டு அளக்கிறது?

செக்காலை மாடிவீடு:
ஆச்சி, உங்கள் மருமகள் இந்த இழையைப் படிக்காமல் இருக்க வேண்டும் :)

ஆனால் பழக்கம் மட்டும் காரணமில்லை. காரைக்குடியில் எங்கள் அடுக்ககத்தில் 12 வீடு. மாதா மாதம் தண்ணீர்ச் செலவைச் சமமாகப் பிரித்துக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு வீட்டுக்கும் தனி மீட்டர் வைத்த பிறகு பார்த்தால், ஒரு வீடு மட்டும் மற்ற வீடுகளைப்போல் மூன்று மடங்கு. அதில் இருப்பது வயதான கணவன் மனைவி இரண்டே பேர்! அவர்கள் வீணாக்கவே இல்லை. ஃப்ளஷ் தொட்டிக்குள் இருக்கும் ரப்பர் மூடி தேய்ந்துபோய், சத்தமே இல்லாமல் கழிவறைப் பீங்கானில் வழிந்துகொண்டே இருந்திருக்கிறது. அவர்களுக்குக் காது மந்தம், கண்ணும் சரியாகத் தெரியாது. ரப்பர் மாற்றிய செலவைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

திருகுக்குறடு:
அதைக் கண்டுபிடிக்க மீட்டர்கூட வேண்டாம். ஃப்ளஷ் தொட்டியில் சொட்டு நீலம் கொஞ்சம் விடுங்கள். அரைமணி நேரம் யாரும் உள்ளே போகக் கூடாது. பீங்கானில் நீலம் இறங்கியிருந்தால் ரப்பர் போய்விட்டது. நான் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் செய்வது இதுதான்.

குழாய்ச் சொட்டைத்தான் எல்லாரும் பெரிதாகப் பேசுவார்கள். நொடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளைக்கு நாலைந்து லிட்டர், சொட்டு பெரிதாக இருந்தால் இன்னும் கொஞ்சம் கூட. வாஷர் மாற்ற வேண்டியதுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியும் சொட்டைவிடத் தெரியாத வழிசல்தான் தொட்டியைக் காலி செய்யும்.

கண்மாய்க்கரை:
எல்லாரும் வீட்டுக்குள்ளேயே நிற்கிறீர்கள். செட்டிநாட்டு ஊர்களில் வீட்டுக்கூரைத் தண்ணீர் முற்றத்தில் விழுந்து, முற்றத்துச் சலதாரை வழியாகத் தெருக் கால்வாய்க்குப் போய், அங்கிருந்து ஊருணிக்குப் போகும்படி கட்டி வைத்தார்கள். ஊருணி நிறைந்தால் சுற்றியுள்ள கிணறெல்லாம் ஊறும். இப்போது ரோட்டு மேல் ரோடு போட்டு உயர்த்திவிட்டோம். கால்வாயை மூடி அதன்மேல் படிக்கட்டு. ஊருணி வறண்டு கிடக்கிறது, கிணறு வற்றிவிட்டது என்று புலம்புகிறோம். வரத்துக்கால் திறக்காமல் ஃப்ளஷ் ரப்பர் மாற்றி என்ன ஆகப்போகிறது?

அடையாறுவாசி:
உண்மைதான், ஆனால் தெருவைத் தோண்ட அவரால் முடியுமா? அவர் கேட்டது தன் வீட்டைப் பற்றி.

கண்மாய்க்கரை:
தன் வீட்டைப் பற்றி மட்டும் எல்லாரும் கேட்டதால்தான் இந்த நிலை.

நெறியாளர்:
ஊருணி வரத்துக்கால்களுக்குத் தனி இழை ஏற்கெனவே ஓடுகிறது, அங்கே தொடருங்கள். கூரைத் தண்ணீரை வீட்டுக்குள்ளேயே இறக்குவது பற்றி இங்கே பேசலாம்.

கோட்டையூர் வளவு:
திருகுக்குறடு அண்ணன் சொன்னபடி அளந்தேன். மோட்டார் 15 லிட்டர் வாளியை 20 விநாடியில் நிரப்புகிறது, அதாவது நிமிடத்துக்கு 45 லிட்டர். காலையும் மாலையுமாகச் சேர்த்து 70 நிமிடம் ஓடுகிறது. 3150 லிட்டர். 14 பேருக்கு வகுத்தால் ஆளுக்கு 225.

இது அதிகமா குறைவா என்றே எனக்குத் தெரியவில்லை.

ராத்திரிக் கணக்கும் பார்த்தேன். எங்களிடம் 1000 லிட்டர் தொட்டி இரண்டு, கீழே இரண்டையும் இணைத்திருக்கிறது. மட்டம் 9 செ.மீ. இறங்கியிருந்தது. மறுநாள் கழிவறை ஆங்கிள் வால்வுகளை எல்லாம் அடைத்துவிட்டுப் பார்த்தேன். 2 செ.மீ. இறங்கியது.

செக்காலை மாடிவீடு:
பாதாளச் சாக்கடை உள்ள நகரத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று வைத்துத்தான் இந்தியாவில் குடிநீர்த் திட்டங்களே போடுகிறார்கள். அந்தக் கணக்கில் உங்கள் வீட்டுக்கு 1890 லிட்டர் போதும். 1260 லிட்டர் கூடப் போகிறது.

திருகுக்குறடு:
இரண்டு தொட்டியும் இணைந்திருப்பதால் 1 செ.மீ.க்கு 18 லிட்டர் என்று வையுங்கள். 9 செ.மீ. என்றால் 162. அதில் 36 லிட்டர் வால்வை அடைத்த பிறகும் போகிறது. மீதி 126 கழிவறைகளில் வழிந்தது. இது ஒரு ராத்திரிக்கு, ஒன்பது மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். முழு நாளுக்கு இரண்டும் சேர்ந்து 430 லிட்டர் போல வரும்.

இன்னொன்று கேட்க மறந்துவிட்டேன். தொட்டி நிரம்பி வழிவது யாருக்குத் தெரியும்? மோட்டாரை அணைப்பது யார்?

கோட்டையூர் வளவு:
வழியும் சத்தம் கேட்டால் யாராவது போய் அணைப்பார்கள். ஒருத்தர் பார்ப்பார் என்று இன்னொருத்தர் இருப்பார்கள். காலையில் ஐந்து நிமிடம், மாலையில் ஐந்து நிமிடம் நிச்சயம் வழியும். டிவி ஓடினால் இன்னும் கூடுதல்.

திருகுக்குறடு:
பத்து நிமிடம், 450 லிட்டர். உங்கள் வீட்டின் மிகப் பெரிய ஓட்டை அதுதான். மின்சாரமும் தண்டம்.

தொட்டிக்குள் மட்டம் பார்த்துத் தானாக அணைக்கும் கருவி போடுங்கள். போரில் தண்ணீர் இல்லாவிட்டாலும் மோட்டாரை நிறுத்தும் வசதியோடு சேர்த்தே கிடைக்கிறது, அதையே வாங்குங்கள். வைகாசியில் காற்றை இழுத்ததாகச் சொன்னீர்கள், மோட்டார் காயிலுக்கு அது ஆகாது. கம்பி சென்சாரைவிட மிதவை உள்ளதே நம் உப்புத் தண்ணீருக்கு நல்லது. கம்பியில் உப்பு படிந்தால் இல்லாத தண்ணீரை இருக்கிறது என்று சொல்லும்.

பள்ளத்தூர் ஆச்சி:
சரி தம்பி, குச்சியை விட்டு அளந்தது வீண் போகவில்லை. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மருமகள் விஷயத்தில் நான் சொன்னது சொன்னதுதான்.

அடையாறுவாசி:
கழிவறையில் ரப்பர் மாற்றுவதோடு நிறுத்தாமல் தொட்டியையே மாற்றலாமே? பழையது ஒரு தடவைக்கு 10 லிட்டருக்கு மேல் இறக்கும். 14 பேர், ஆளுக்கு நாலைந்து தடவை. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

திருகுக்குறடு:
போடலாம், ஆனால் பீங்கானைப் பார்த்துப் போட வேண்டும் சார். 10 லிட்டர் விழுந்தால்தான் இழுக்கும்படி செய்த பழைய பீங்கானுக்கு 6 லிட்டர் தொட்டி வைத்தால், ஒரு தடவைக்குப் போகாது, இரண்டு தடவை அழுத்துவார்கள். 12 லிட்டர். இன்னொரு தொல்லை, பின்கட்டிலிருந்து செப்டிக் டேங்க் வரை நீளமாகப் போகும் பழைய பீங்கான் குழாய்க்கு வாட்டம் சரியாக இருக்காது. தண்ணீர் குறைந்தால் நடுவழியில் நின்று அடைத்துக்கொள்ளும். அப்போது தோண்டச் சொல்வார்கள், எதற்குப் பயந்தாரோ அதுவே நடக்கும்.

செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. ஆங்கிள் வால்வை மூடிவிட்டு ஒரு தடவை ஃப்ளஷ் செய்யுங்கள். காலியான தொட்டியைப் பழைய மட்டம் வரை மக்கால் அளந்து நிரப்புங்கள், எத்தனை லிட்டர் என்று தெரிந்துவிடும். பிறகு ஒரு லிட்டர் பாட்டிலில் மணலும் தண்ணீரும் நிரப்பி, மூடி இறுக்கித் தொட்டிக்குள், மிதவையில் இடிக்காத மூலையில் வையுங்கள். ஒரு வாரம் சரியாகப் போகிறதா? இரண்டாவது பாட்டில். சிரமப்பட்டால் ஒன்றை எடுத்துவிடுங்கள். செங்கல் வைக்காதீர்கள், கரைந்து வால்வில் போய் மாட்டும்.

பள்ளத்தூர் ஆச்சி:
இந்தியன் கழிவறைக்கு ஒரு வாளியில் தண்ணீர் பிடித்து ஒரே வீச்சாக ஊற்றினால் 5 லிட்டரில் முடிந்துவிடும். எங்கள் வீட்டில் அந்தத் தொட்டியை யாரும் தொடுவதே இல்லை.

செக்காலை மாடிவீடு:
அந்த வாளியில் ஆர்.ஓ. (குடிநீரில் உப்பை வடிகட்டும் பெட்டி) கழிவு நீரை நிரப்பி வையுங்கள் ஆச்சி. வீட்டு ஆர்.ஓ.வில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் வர, இரண்டு மூன்று லிட்டர் வெளியே போகிறது. நாங்கள் அதைக் கழிவறைக்கும் தரை துடைக்கவும் வைத்திருக்கிறோம்.

ஆர்.ஓ. எல்லாருக்கும் தேவையும் இல்லை. தண்ணீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மி.கி.க்குக் கீழே இருந்தால் ஆர்.ஓ. வைப்பதைத் தடை செய்யச் சொல்லித் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019ல் உத்தரவிட்டது. சம்பை ஊற்றுத் தண்ணீர் வருகிற ஊரில் இருந்துகொண்டு எதற்கு இந்தப் பெட்டி என்று என் மாமனார் வரும்போதெல்லாம் கேட்பார். பதில் சொல்ல முடியாமல் காபி போட எழுந்து போவேன்.

சுண்ணாம்புக்காரர்:
பழைய வீடுகளைப் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறேன். தாமதமாக வந்ததற்கு மன்னிக்கவும். ஒரு எச்சரிக்கை: ஆர்.ஓ. கழிவு நீரால் ஆத்தங்குடித் தரையைத் துடைக்காதீர்கள். அது சுடாத சிமெண்டுக் கல். போரில் இருக்கும் உப்பு அந்தக் கழிவு நீரில் இன்னும் கெட்டியாக இருக்கும். கல் அதைக் குடித்து, காய்ந்ததும் வெள்ளையாகப் பூக்கும். பளபளப்பு போய்விடும். கழிவறைக்கு மட்டும் ஊற்றுங்கள். டைல்ஸ் போட்ட அடுக்ககத்தில் பிரச்சினை இல்லை.

இழையைத் தொடங்கியவருக்கு ஒரு கேள்வி. வால்வை அடைத்த பிறகும் 2 செ.மீ. இறங்கியது என்றீர்களே, வளவிலோ பத்தியிலோ ஏதாவது ஒரு வரிசைக் கல் மட்டும் வெள்ளை பூத்திருக்கிறதா? தட்டினால் பொள்ளென்று சத்தம் கேட்கிறதா?

கோட்டையூர் வளவு:
எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? இரண்டாம் கட்டுக்குப் போகிற நடையில் நாலைந்து கல் அப்படித்தான் இருக்கிறது. கல்லின் குற்றம் என்று நினைத்திருந்தோம்.

சுண்ணாம்புக்காரர்:
அதன் அடியில்தான் பழைய இரும்புக் குழாய் அரித்திருக்கிறது. ஜி.ஐ. குழாய் எண்பதுகளில் போட்டதென்றால் அதன் ஆயுள் முடிந்தது. ஆனால் தோண்ட வேண்டாம். குழாயைக் கண்டுபிடித்து மாற்றுவதைவிட, அதைச் செத்ததாக விட்டுவிடுவது நல்லது. இரண்டு முனையிலும் துண்டித்து அடைத்துவிடுங்கள். தொட்டியிலிருந்து புது லைன், வெளிச் சுவரோடு பின்கட்டு வழியாக இறங்கி, ஓட்டுச் சார்ப்புக்கு அடியில் ஓடட்டும்.

இரண்டு விஷயம் பார்க்கவும். வழவழப்பான முட்டைச் சுண்ணாம்புப் பூச்சு உள்ள சுவரில் குழாய் பதிக்கக் காடி வெட்டாதீர்கள், அந்தப் பூச்சை மறுபடி பூசுகிற கை இன்று அரிது. கிளிப் அடிக்க வேண்டுமானால் மர உத்தரத்தில் அடியுங்கள். சுவரில் ஓட்டை விழுந்தால் சிமெண்ட் வைத்து அடைக்காமல் சுண்ணாம்புக் கலவையால் அடைக்கவும். சிமெண்ட் ஈரத்தை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும், பக்கத்தில் உள்ள சுண்ணாம்பு பெயர்ந்துவிடும்.

திருகுக்குறடு:
ரொம்பச் சரி. வெயில் படுகிற இடத்தில் பிளாஸ்டிக் குழாய் நாளடைவில் மொறுமொறுத்துப் போகும், வெள்ளைப் பெயிண்ட் ஒரு கோட் அடித்துவிடுங்கள். புது லைன் போடும்போதே நான்கு பங்குக்கும் நான்கு கிளை பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு வால்வு. ஒரு பங்கில் பழுது என்றால் வீடு முழுக்க அடைக்க வேண்டியதில்லை. அந்த வால்வுக்குப் பக்கத்தில் ஒரு சாண் இடம் விட்டு வையுங்கள், பின்னால் மீட்டர் வைக்க உதவும்.

பள்ளத்தூர் ஆச்சி:
மீட்டரா? பங்காளிகளுக்குள் தண்ணீர் மீட்டர் வைத்தால் அப்புறம் முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கு ஒன்றாகக் கூடுவார்களா? ஒருத்தர் வீட்டுக்கு விருந்தாள் வந்தால் இன்னொருத்தர் மீட்டரைப் பார்ப்பார். வேண்டாம் தம்பி.

செக்காலை மாடிவீடு:
இல்லை ஆச்சி. மீட்டர் இல்லாமல்தான் எங்களுக்குள் சண்டை. "அந்த வீட்டில் கார் கழுவுகிறார்கள், இந்த வீட்டில் தினம் துணி துவைக்கிறார்கள்" என்று ஒருவரையொருவர் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தோம். எண் தெரிந்த பிறகு பேச்சு நின்றது. கார் கழுவுகிறவர் சராசரியில்தான் இருந்தார்.

அடையாறுவாசி:
மீட்டர் வைத்தே ஆக வேண்டும் என்பேன். ஆனால் பணம் வசூலிக்க வேண்டியதில்லை. எண்ணைச் சுவரில் எழுதி வைத்தால் போதும்.

பள்ளத்தூர் ஆச்சி:
சுவரில் எழுதுவது அதைவிட மோசம்!

கோட்டையூர் வளவு:
வாடகைப் பங்கு இரண்டுக்கும் மீட்டர், எங்கள் இரண்டு புள்ளிக்கும் வேண்டாம் என்றால்?

திருகுக்குறடு:
அது வாடகைக்காரரைக் குத்திக்காட்டுகிற மாதிரி ஆகிவிடும். வைத்தால் நாலுக்கும், இல்லையென்றால் ஒன்றுக்கும் வேண்டாம். மோட்டார் லைனில் பொதுவாக ஒன்று வைத்து ஆரம்பியுங்கள். வீட்டின் மொத்தம் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

கண்மாய்க்கரை:
நெறியாளர் அனுமதித்த எல்லைக்குள் நின்றே பேசுகிறேன். ஐப்பசி வரப் போகிறது. வளவுக் கூரை எத்தனை சதுர அடி?

கோட்டையூர் வளவு:
முற்றத்தைச் சுற்றியுள்ள நாலு பக்கத்து ஓடும் சேர்த்து 2500 சதுர அடி இருக்கும்.

கண்மாய்க்கரை:
ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். உங்கள் ஓட்டில் 1 செ.மீ. மழைக்கு 2300 லிட்டர் விழுகிறது, நீங்கள் ஒரு நாளைக்குச் செலவழிக்க வேண்டியதைவிட அதிகம். நம் பக்கத்து ஆண்டு மழை 90 செ.மீ. அளவில். ஐந்தில் ஒரு பங்கு ஓட்டில் ஊறியும் சிதறியும் போனாலும் 1,67,000 லிட்டர் மிஞ்சும். செக்காலைக்காரர் சொன்ன 1890 லிட்டர் கணக்கில், கிட்டத்தட்ட மூன்று மாதத் தண்ணீர். அவ்வளவும் இப்போது முற்றத்துச் சலதாரை வழியாக அடைபட்ட தெருவுக்குப் போகிறது. கிணறு பின்கட்டில் சும்மா கிடக்கிறது.

செக்காலை மாடிவீடு:
2003ல் ஏற்கெனவே கட்டிய வீடுகளுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று அரசு சொன்னதே, அப்போது எதுவும் செய்யவில்லையா?

கோட்டையூர் வளவு:
முகப்புக்கு முன்னால் ஒரு குழி போட்டார்கள். அதில் ஒரு குழாய் இறங்குகிறது. அதற்குப் பிறகு யாரும் திறந்து பார்த்ததில்லை.

திருகுக்குறடு:
தெருவுக்குத் தெரு அதே கதைதான். உள்ளே ஜல்லிக்கு மேல் சேறு கெட்டியாகப் படிந்திருக்கும். மூடியை எடுத்து, மணலையும் ஜல்லியையும் வெளியே அள்ளி, நன்றாக அலசித் திரும்பப் போடுங்கள். புரட்டாசியில் ஒரு நாள் வேலை. வருஷா வருஷம் செய்ய வேண்டும்.

சுண்ணாம்புக்காரர்:
முகப்புக் குழி அஸ்திவாரத்திலிருந்து எவ்வளவு தூரம் என்றும் பாருங்கள். செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய அஸ்திவாரத்துக்குப் பக்கத்தில் தண்ணீரை இறக்கினால் சுவரில் ஈரம் ஏறும். ஒட்டி இருந்தால் அதை மூடிவிட்டுக் கிணற்றைப் பயன்படுத்துங்கள்.

முற்றத்துச் சலதாரை கல் வைத்துக் கட்டியது, பெரும்பாலும் இன்னும் உறுதியாகவே இருக்கும். அதன் வாட்டம் எந்தப் பக்கம்? சில வீடுகளில் பின்கட்டுக்குப் போகும். அப்படி இருந்தால் உங்களுக்கு யோகம், தரையில் ஒரு கல்லைக்கூடத் தொட வேண்டாம். பின்பக்கம் வெளியே வரும் இடத்தில் ஒரு தொட்டி கட்டி, அடியில் பெரிய கூழாங்கல், மேலே சின்ன ஜல்லி, அதற்கும் மேலே மணல் போட்டு, வடிந்த தண்ணீரைக் குழாய் வழியாகக் கிணற்றுக்குள் இறக்குங்கள். முதல் இரண்டு மழையை உள்ளே விடாதீர்கள், ஓட்டில் இருக்கும் தூசியும் புறா எச்சமும் அதில்தான் வரும். அதை வெளியே திருப்ப ஒரு அடைப்பு வையுங்கள்.

முற்றத்தில் யாரும் பாத்திரம் கழுவவோ குளிக்கவோ கூடாது என்பது இதில் முக்கியம். சோப்புத் தண்ணீர் கிணற்றுக்குப் போகக் கூடாது. செப்டிக் டேங்க் கிணற்றிலிருந்து 50 அடிக்குள் இருந்தால் அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ எடுக்க வேண்டாம்.

பள்ளத்தூர் ஆச்சி:
முற்றத்து நாலு மூலையிலும் செம்பு அண்டா வைத்து மழைத் தண்ணீர் பிடிப்போம். பருப்பு அதில் வெந்தால் பஞ்சு மாதிரி இருக்கும். உப்புத் தண்ணீரில் இரண்டு மடங்கு நேரம் ஆகும். அண்டாவெல்லாம் இப்போது விருந்தினர் விடுதிகளில் பூ மிதக்க விட்டு வைத்திருக்கிறார்கள்.

அடையாறுவாசி:
குளியல், துணி துவைக்கும் தண்ணீரைச் சுத்தம் செய்து கழிவறைக்கு விடுவதைப் பற்றி யாரும் பேசவில்லையே?

திருகுக்குறடு:
புதுக் கட்டடத்தில் இரட்டைக் குழாய் போட்டுக் கட்டினால் செய்யலாம் சார். கட்டி முடித்த வீட்டில் அதற்குத் தனி லைன், தனித் தொட்டி, தனி மோட்டார். தோட்டம் உள்ள வீட்டுக்கு நேராக வாழைக்கும் கல்வாழைக்கும் விடுவதுதான் மலிவு. ஒரு நாளைக்கு மேல் தேக்கி வைத்தால் நாறும், கொசு வரும். அப்படியே ஓடிப்போய் மண்ணில் இறங்கட்டும்.

கோட்டையூர் வளவு:
பெரியப்பா மகனோடு பேசினேன். ஃப்ளஷ் ரப்பர் மூன்று கழிவறையிலும் மாற்றியாகிவிட்டது, நீலம் இறங்கவில்லை. மோட்டாருக்குத் தானாக அணையும் கருவி வந்துவிட்டது. மோட்டார் இப்போது 50 நிமிடம்தான் ஓடுகிறது. இன்னொரு போர் பேச்சைத் தை மாதம் வரை தள்ளி வைத்திருக்கிறார்.

சலதாரையில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், பின்பக்கம்தான் வருகிறது. புது லைனுக்கு மற்ற இரு புள்ளிக்காரர்களும் வெளியூரிலிருந்து சம்மதம் சொல்லிவிட்டார்கள், பணம் மட்டும் இன்னும் வரவில்லை. மோட்டார் லைனில் பொது மீட்டர் வைக்கப் போகிறோம். ஆச்சியின் பேச்சைக் கேட்டு, பங்கு மீட்டர் இப்போதைக்கு வேண்டாம் என்று முடிவு. என்ன அளவு மீட்டர் வாங்குவது?

திருகுக்குறடு:
மோட்டார் ஏற்றுகிற குழாய் ஒரு அங்குலம் என்றால் 25 மி.மீ. மீட்டர். மேலே அம்புக்குறி போட்டிருக்கும், தண்ணீர் போகும் திசையைப் பார்த்து மாட்டச் சொல்லுங்கள். மீட்டருக்கு முன்னால் ஒரு சல்லடை கட்டாயம், போர் மணல் வந்து சக்கரத்தில் மாட்டினால் நின்றுவிடும். போரிலிருந்து முதலில் வரும் காற்றையும் அது தண்ணீர் என்று எண்ணும், அதனால் கோடையில் கொஞ்சம் கூடக் காட்டினால் பயப்பட வேண்டாம்.

கோட்டையூர் வளவு:
நன்றி அண்ணே. அடுத்த வாரம் சுண்ணாம்புக்காரர் ஐயா இந்தப் பக்கம் வந்தால் ஒரு நடை பார்த்துவிட்டுப் போக முடியுமா? வடிகட்டும் தொட்டி எந்த இடத்தில் கட்டுவது என்று தெரியவில்லை. பின்பக்கம் மாமரம் ஒன்று இருக்கிறது.

சுண்ணாம்புக்காரர்:
வருகிறேன். மாமரத்திலிருந்து தள்ளியே கட்டலாம், வேர் உள்ளே வந்துவிடும். தனிச்செய்தியில் விலாசம் அனுப்புங்கள்.